தையல் ஆலையில் எழுந்த லெமூரியா

மொன்ட்ரியாலின் மைல்-என்ட் பகுதியில், சாங்-லோராங் பெருந்தெருவும் சாங்-வியாத்தர் தெருவும் சந்திக்கும் இடத்தில், பழைய செங்கல் ஆலைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெக் என்ற ஆடை நிறுவனம் கட்டியது. மொன்ட்ரியாலின் ஆடைத் தொழிலே பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்தவர்களின் உழைப்பில் ஓடியது. தையல் இயந்திரங்கள் ஓய்ந்த அந்தக் கட்டடத்துக்குள் 1997இல் பிரான்ஸின் யூபிசாஃப்ட் நிறுவனம் வீடியோ கேம் செய்ய வந்தது. 2014 ஏப்ரல் 30ஆம் தேதி அங்கிருந்து ‘சைல்ட் ஆஃப் லைட்’ என்ற கன்சோல் விளையாட்டு வெளியானது. அதன் கதை பெரும்பாலும் நடக்கும் நிலத்துக்குப் பெயர் லெமூரியா.

இந்தப் பெயரை ஒரு பிரெஞ்சுக்காரரோ ஜப்பானியரோ எளிதாகக் கடந்துபோய்விடலாம். தமிழ் வாசகரால் முடியாது. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மேடைகளிலும் தமிழ் விழாக்களிலும் குமரிக்கண்டத்தோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்த பெயர் இது. விளையாட்டு வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அண்மையில் அதை மறுபடி முதலிலிருந்து முடிவு வரை ஆடியபோது இரண்டு கேள்விகள் என்னைப் பிடித்துக்கொண்டன. பழைய ஜப்பானிய ஆர்பிஜி வடிவத்தை எடுத்து மொன்ட்ரியால் படைப்பாளிகள் என்ன செய்தார்கள் என்பது ஒன்று. அவர்களுடைய லெமூரியாவில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று.

முதலில் பின்னணி. யூபிசாஃப்ட் மொன்ட்ரியாலுக்கு வந்தது தற்செயல் அல்ல. 500 வேலைகளை உருவாக்குவதாக நிறுவனம் உறுதி தந்தது. பதிலுக்கு ஒரு பணியாளருக்கு ஆண்டுக்கு 25,000 கனடிய டாலர் வரை தர அரசுகள் முன்வந்தன. அதில் 15,000 கியூபெக் அரசின் பங்கு, 10,000 ஒட்டாவாவின் பங்கு. அப்போது கியூபெக்கின் நிதியமைச்சர் பெர்னார் லான்ட்ரி. ஆடை ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்த நகரத்தில் புதிய தொழிலை ஊன்ற எடுத்த முடிவு அது. பலன் விரைவில் தெரிந்தது. 2002இல் ‘ஸ்பிளிண்டர் செல்’, 2003இல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்’, 2007இல் ‘அசாசின்ஸ் கிரீட்’ என்று உலகச் சந்தையை ஆட்டிவைத்த விளையாட்டுகள் மொன்ட்ரியாலிலிருந்து புறப்பட்டன. எல்லாம் பெரும் பணமும் பெரும் படையும் சேர்ந்து செய்தவை.

அந்த வரிசையில் பிறந்ததுதான் 2012இல் வந்த ‘ஃபார் கிரை 3’. துப்பாக்கியும் தீயும் காடும் நிறைந்த அந்த விளையாட்டின் படைப்பு இயக்குநரான பாட்ரிக் புளூர்டும், கதை எழுதிய ஜெஃப்ரி யோஹலமும் அடுத்துச் செய்த காரியம் எனக்கு இன்றும் மதிப்புக்குரியதாகத் தெரிகிறது. வெற்றியைக் காட்டி இன்னொரு பெரிய விளையாட்டை அவர்கள் கேட்கவில்லை. சிறு குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, தாங்கள் வளர்ந்த பருவத்தில் ஆடிய ஜப்பானிய ஆர்பிஜிகளுக்கு நன்றி சொல்வதுபோல ஒரு விளையாட்டைச் செய்தார்கள். இருபரிமாணக் காட்சி, முறை வைத்து நடக்கும் சண்டை, பாட்டாகப் பேசும் பாத்திரங்கள். 2014இல் இவை மூன்றையும் சேர்த்துப் பெரிய நிறுவனம் ஒன்று தொடுவது அரிது.

ஆர்பிஜி வகையை ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. வீரன் ஒருவன் ஊர் ஊராகப் போய்த் தோழர்களைச் சேர்க்கிறான். சண்டைகளில் அனுபவம் பெற்று வலுவடைகிறான். கடைசியில் உலகைக் கெடுத்த தீமையை எதிர்கொள்கிறான். 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’, 1987 டிசம்பரில் ‘ஃபைனல் ஃபேன்டசி’ வந்தபோது வீட்டுக் கன்சோல்களில் இந்த வடிவம் வேரூன்றியது. தொடக்கத்தில் சண்டை முழுக்க முழுக்க முறைப்படி நடந்தது. நீ அடி, பிறகு நான் அடிக்கிறேன் என்பதுதான் ஏற்பாடு. 1991இல் ‘ஃபைனல் ஃபேன்டசி 4’இல் ஹிரோயுகி இதோ காலத்தை உள்ளே கொண்டுவந்தார். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரியின் முறை வந்துவிடலாம். கார் பந்தயத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அந்த எண்ணம் பிறந்தது. 1997இல் சேகா சாட்டர்னில் வந்த ‘கிராண்டியா’ இன்னும் ஒரு படி போனது. எல்லாருடைய முகங்களும் ஒரே கோட்டில் ஓடும். செயல்படப்போகும் தருணத்தில் ஒருவரை அடித்தால் அவர் பின்னால் தள்ளப்படுவார்.

‘சைல்ட் ஆஃப் லைட்’ சண்டையின் முழு உயிரும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. திரையின் அடியில் ஒரு நீண்ட பட்டை. அதன் பெரும்பகுதி காத்திருக்கும் இடம். வலது ஓரத்தில் சிறு பகுதி மட்டும் செயல் தொடங்கும் இடம். நம் பக்கம் இருவர் மட்டுமே நிற்கலாம், எதிரே மூவர் வரை வரலாம். எல்லாருடைய சின்னங்களும் இடமிருந்து வலமாக நகரும். நம் சின்னம் அந்தச் சிறு பகுதியைத் தொட்டதும் ஆட்டம் நின்று, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும். வாளால் வெட்டுவது விரைவில் முடியும். இடி மின்னலை இறக்கும் மந்திரம் வலிது, ஆனால் தயாராக நேரமெடுக்கும். அந்த நேரத்துக்குள் எதிரி அடித்துவிட்டால் மந்திரம் கலைந்து, சின்னம் பட்டையில் பின்னோக்கித் தூக்கி எறியப்படும். எதிரிக்கும் இதே விதிதான். ஆகவே ஒவ்வொரு முறையும் மனத்தில் ஓடுவது வலிமைக் கணக்கு அல்ல, காலக் கணக்கு.

இங்கேதான் மின்மினி வருகிறது. இக்னிகுலஸ் என்ற நீல நிற ஒளித்துளி கதாநாயகியின் கூடவே பறக்கிறது. அதை இரண்டாம் கன்ட்ரோலரைக் கையில் வைத்திருப்பவர் இயக்கலாம். எதிரியின் மீது அதை நிறுத்தி ஒளிரவைத்தால் பட்டையில் அந்த எதிரியின் சின்னம் மெதுவாகும். மின்மினியின் ஒளி தீர்ந்துபோகக்கூடியது. ஓரமாக நிற்கும் செடியைத் தொட்டால் கொஞ்சம் நிரம்பும். எங்கள் வீட்டில் மின்மினி என் மகளுடையது. வீடு மொன்ட்ரியால்-நோரில், பிரேரி ஆற்றின் தென்கரையில். 2002 வரை தனி நகரமாக இருந்து பிறகு மொன்ட்ரியாலோடு இணைக்கப்பட்ட, 80,000க்கு மேற்பட்டோர் வாழும் பகுதி. எங்கள் தெருவில் எய்ட்டியின் கிரியோலும் அரபும் ஸ்பானியமும் கேட்கும். பார்க் எக்ஸ்டென்ஷன், கோத்-தே-நேஜ் பகுதிகளைப் போலத் தமிழ்க் கடை, தமிழ்க் குரல் என்று இங்கே அடிக்கடி எதிர்ப்படாது. மகள் படிப்பது பிரெஞ்சுப் பள்ளியில். 1977இன் 101ஆம் சட்டம் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளை அங்கேதான் அனுப்புகிறது. விளையாட்டையும் பிரெஞ்சிலேயே வைத்திருந்தாள். மலை போன்ற ஓர் ஓநாய் பட்டையின் ஓரத்தை நெருங்கும்போது அவள் எழுந்து நின்றுவிடுவாள். “அப்பா, பொறுங்கோ, நான் பிடிச்சு வச்சிருக்கிறன். இப்ப அடிங்கோ!” மின்மினியின் ஒளி தீரும் கணத்துக்கும் என் வாள் இறங்கும் கணத்துக்கும் இடையே இருந்த இடைவெளி ஒரு மூச்சளவு. ஓநாயின் சின்னம் பின்னால் போய் விழுந்தது. வயதும் திறமையும் வேறுபட்ட இருவர் ஒரே சண்டையில் சமமான பொறுப்போடு நிற்க இடம் தந்த விளையாட்டுகள் மிகச் சில. பழைய ஆர்பிஜிகள் பெரும்பாலும் தனியாக ஆடுபவருக்கானவை. அந்த வடிவத்துக்குள் இன்னொருவருக்கு உட்கார இடம் போட்டுத் தந்ததுதான் மொன்ட்ரியால் குழுவின் சொந்தச் சாதனை என்று நினைக்கிறேன்.

ஓவியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேமன் விளையாட்டுகளுக்காக யூபிசாஃப்டின் மோன்பெலியே கிளை உருவாக்கிய யூபிஆர்ட் என்ற மென்பொருள் கட்டமைப்பில்தான் இது செய்யப்பட்டது. ஓவியர் வரைந்த படத்தையே நேரடியாக அசையும் உலகமாக மாற்ற அது உதவியது. அதனால் திரை முழுவதும் நீர்வண்ணம் ஊறிய தாள் போலிருக்கிறது. ஆர்தர் ராக்கம், எட்மண்ட் துலாக் ஆகியோரின் பழைய தேவதைக் கதைப் படங்களும், ‘ஃபைனல் ஃபேன்டசி’க்கு வரைந்த யொஷிதாகா அமானோவின் கோடுகளும் இதன் முன்னோர். இசை மொன்ட்ரியாலின் பாடகி பெயாத்ரிஸ் மார்த்தனுடையது. ‘கெர் தெ பிராத்’ என்ற பெயரில் பாடுபவர். பியானோவும் நரம்பிசையும் மட்டும் நடக்கும் இடங்களில் அவர் தரும் தனிமை உணர்வு, பறந்துகொண்டே வெறுமனே சுற்றிவரத் தூண்டுகிறது. தொடங்கிச் சிறிது நேரத்திலேயே கதாநாயகிக்குச் சிறகு கிடைத்துவிடும்.

பாட்டு விஷயத்தில் எனக்கு உடன்பாடு குறைவு. இதை ஆடக்கூடிய கவிதை என்றே அறிமுகம் செய்தார்கள். எல்லாப் பாத்திரங்களும் நாலடிப் பாட்டாகவே பேசுகின்றன. அடிகளின் கடைசியில் ஓசை ஒன்றவேண்டும். நம் யாப்பில் இதற்கு இயைபு என்று பெயர். ஆனால் நம் காது எதுகைக்கும் மோனைக்கும் பழகியது. அடியின் தொடக்கத்திலேயே ஓசை கட்டிவிடுவதால் பொருள் பின்னால் சுதந்திரமாக நடக்கும். கடைசிச் சொல்லில் ஓசையைக் கட்டியே தீரவேண்டும் என்றால், அந்தச் சொல்லை எட்டுவதற்காக வாக்கியம் முறுக்கப்படுகிறது. விளையாட்டின் உரையாடல்களில் அந்த முறுக்கம் அடிக்கடி தெரிகிறது. துயரமான ஒரு செய்தி, இயைபுக்காக வந்த பொருந்தாத சொல்லில் போய் முடிகிறது. ரூபெல்லா என்ற கோமாளிப் பெண் இயைபைத் தவறவிட, மற்றவர்கள் திருத்துவதாக ஒரு விளையாட்டு கதை முழுக்க ஓடுகிறது. அந்த இடங்களில்தான் பாட்டு உண்மையில் உயிரோடு இருக்கிறது.

கதை இது. 1895, ஆஸ்திரியா. ஒரு கோமகனின் சின்ன மகள் ஆரோரா, தூக்கத்திலேயே உடல் குளிர்ந்து, லெமூரியா என்ற வேறொரு நிலத்தில் கண்விழிக்கிறாள். இருளின் அரசி அங்கே சூரியனையும் நிலவையும் விண்மீன்களையும் பறித்து வைத்திருக்கிறாள். அவற்றை மீட்டால்தான் ஆரோராவால் தந்தையிடம் திரும்ப முடியும். வழியில் அவள் வளர்கிறாள். குழந்தையின் உடல் மெல்ல இளம்பெண்ணின் உடலாகிறது, தோளுக்குப் பெரிதாக இருந்த வாள் கைக்குப் பொருந்துகிறது. முடிவில் ஆரோராவின் சொந்த நாட்டை வெள்ளம் சூழ்கிறது. மக்களைக் கண்ணாடியின் வழியாக லெமூரியாவுக்குள் அழைத்து வந்து அவள் காப்பாற்றுகிறாள்.

அந்த முடிவைப் பார்த்தபோது நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். நம் மரபில் கடல் லெமூரியாவைக் கொள்கிறது, மக்கள் அங்கிருந்து வடக்கே தப்பி வருகிறார்கள். இங்கே நீர் வெளியுலகைக் கொள்கிறது, மக்கள் லெமூரியாவுக்குள் தப்பிப் போகிறார்கள். ஒரே பெயர், ஒரே வெள்ளம், எதிரெதிர்த் திசை. படைப்பாளிகள் தமிழ் மரபை அறிந்து செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மேற்கத்திய கற்பனையில் லெமூரியா தப்பிச்செல்லும் இடமாகவும், தமிழ்க் கற்பனையில் தப்பிவந்த இடமாகவும் ஆன கதை தனியே பார்க்கத் தக்கது.

லெமூரியா என்ற பெயரை உண்டாக்கியவர் ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், ஆண்டு 1864. மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி எழுதும்போது, லெமூர் இனமும் அதன் உறவினங்களும் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் எப்படி வந்தன என்பதை விளக்க, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போன ஒரு நிலப்பரப்பை அவர் ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்பது அன்று ஏற்கப்படாத காலம். ஆகவே பாலம் மூழ்கியது என்பது நியாயமான விளக்கமாகவே இருந்தது. ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் மனித இனமே அங்கே தோன்றியிருக்கலாம் என்றார். 1888இல் பிளாவட்ஸ்கி அம்மையார் தம் பிரம்மஞான நூலில் அதை ஆதி மனித இனங்களின் நிலமாக்கினார். அந்த வழியாகத்தான் அது மாயக்கதைகளுக்கும், அங்கிருந்து வீடியோ கேம்களுக்கும் வந்து சேர்ந்தது. நின்டென்டோவின் கைக்கருவிக்கு வந்த ‘கோல்டன் சன்: தி லாஸ்ட் ஏஜ்’ ஆர்பிஜியிலும் லெமூரியா என்ற தீவு நகரம் உண்டு.

தமிழறிஞர்கள் இந்தப் பெயரைக் கேட்டபோது அவர்களிடம் ஏற்கெனவே வேறொன்று இருந்தது. இறையனார் களவியல் உரை முச்சங்க வரலாற்றைச் சொல்கிறது: கடல் கொண்ட மதுரையில் 4,440 ஆண்டுகள் முதற்சங்கம், கபாடபுரத்தில் 3,700 ஆண்டுகள் இடைச்சங்கம். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவத நிலத்தில் இருந்த 49 நாடுகளை வகைப்படுத்துகிறார். ஸ்கிளேட்டரின் ஊகமும் இந்த மரபும் இணைந்தன. தேவநேயப் பாவாணரும் கா. அப்பாத்துரையாரும் அந்த இணைப்பை வளர்த்தார்கள். வரலாற்றாசிரியர் சுமதி ராமசுவாமி 2004இல் எழுதிய லெமூரியா பற்றிய நூல், இந்த இழப்புணர்வு எப்படி உருவானது என்பதைப் பொறுமையாகத் தொடர்ந்து சென்று காட்டுகிறது.

1960களில் கண்டத்தட்டுகள் நகர்கின்றன என்ற கொள்கை நிலைபெற்றபின் மூழ்கிய பெருங்கண்டத்துக்கு அறிவியலில் இடமில்லை. 2013இல் மொரிஷியசின் அடியில் பழங்காலக் கண்டத் துணுக்கு ஒன்றின் தடயம் கிடைத்தபோது, லெமூரியா கிடைத்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தார்கள். அந்தத் துணுக்கு மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னரே கடலடிக்குப் போனது. தமிழ்ச்சங்கம் எதுவும் அதன்மேல் கூடியிருக்க முடியாது. இதைத் தமிழர் மறைக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. கடற்கோள் நினைவுக்குக் கரையோர ஊர்களை விழுங்கிய உண்மையான கடல் போதும், கண்டம் தேவையில்லை.

குமரிக்கண்டத்தை நிலவியலாக நிறுவப் போராடி நாம் வீணாக்கிய ஆற்றல் பெரிது. அது ஒரு மாபெரும் கற்பனை நிலம். அத்தகைய நிலத்துக்கு இன்றுள்ள மிகப் பொருத்தமான வீடு ஆர்பிஜி விளையாட்டுதான். அங்கே எவரும் சான்று கேட்கமாட்டார்கள். நடந்து பார்க்க வழி மட்டும் கேட்பார்கள்.

அந்தக் கண்ணோடு மொன்ட்ரியால் லெமூரியாவைப் பார்த்தால் குறை தெரிகிறது. அங்கே மக்கள் இருக்கிறார்கள். ஒரு பேருருவின் முதுகில் ஊர் கட்டி வணிகம் செய்யும் எலிகள் இருக்கின்றன. சாபத்தால் காகங்களாக மாறிய சிறு மனிதர்கள் இருக்கிறார்கள். இவை அழகான கற்பனைகள். ஆனால் ஒவ்வொரு இடமும் அடுத்ததிலிருந்து நிறத்தால் மட்டுமே வேறுபடுகிறது. அங்கே என்ன விளையும், எந்தப் பொழுது அதற்குரியது, அங்குள்ளவர்கள் எதற்கு ஏங்குவார்கள் என்று கேட்டால் விடை மெலிந்தே வருகிறது. அரசி சூரியனையும் நிலவையும் பறித்த கதை உண்டு. நிலத்தை இழந்தவர்களின் குரல் இல்லை.

அடியார்க்கு நல்லாரின் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு. தென்னை நிலம், பனை நிலம், குன்று, இரண்டு பாலைகள். ஏழு ஏழாகப் பிரித்த உலகப்படம் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பறவை, விலங்கு, மரம், உணவு, பறை, தொழில், பெரும்பொழுது, சிறுபொழுது, உரிய உணர்ச்சி என்று திணை இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. ஓர் ஆர்பிஜி வடிவமைப்பாளர் புதிய உலகத்துக்கு முதல் வேலையாக எழுதுவது இதே பட்டியலைத்தான்: இந்தப் பகுதியில் எந்த விலங்கு எதிர்ப்படும், எந்த இசை ஒலிக்கும், கடையில் என்ன விற்கும். பாலையில் நண்பகலில் மட்டும் எதிரி வலுப்பெறுவான் என்றோ, நெய்தலில் எற்பாட்டில் மட்டும் ஒரு பாத்திரம் பேசும் என்றோ விதி வைத்தால், காலத்தை நம்பி ஓடும் அந்தச் சண்டைப் பட்டைக்கு எவ்வளவு ஆழம் வரும்!

இது நடக்காத காரியம் அல்ல. டொரொன்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்கு வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறைதான் அதன் களம். கிழிந்துபோன சமையல் குறிப்பைக் கொண்டு இட்லியும் பிரியாணியும் சமைத்தே கதையை நகர்த்தவேண்டும். 2024இல் பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருதையும், தனித்தியங்கும் விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலைமைப் பரிசையும் அது பெற்றது. நம் வாழ்க்கை உலகுக்குப் புரியாது என்ற பழைய அச்சத்துக்கு அதன்பின் இடமில்லை.

கியூபெக்கில் வீடியோ கேம் தொழிலுக்குத் தரும் வரிச்சலுகையில் பிரெஞ்சுப் பதிப்பும் உள்ள விளையாட்டுக்குக் கூடுதல் பங்கு உண்டு. பிரெஞ்சில் பதிப்பு இருந்தால் அதையும் இங்கே விற்கவேண்டும் என்ற ஏற்பாடும் 2009 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. தன் மொழி திரையில் ஒலிக்கவேண்டும் என்று பணத்தையும் சட்டத்தையும் இறக்கிய சமூகத்தின் நடுவில் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றும் அறிந்த அவர்களில் சிலர் நிரல் எழுதவும் ஓவியம் வரையவும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘சைல்ட் ஆஃப் லைட்’டை ஒருமுறை ஆடுங்கள், முடிந்தால் தம்பி தங்கையின் கையில் மின்மினியைக் கொடுத்து ஆடுங்கள். சண்டைப் பட்டையைக் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு சிலப்பதிகாரத்தின் வேனிற்காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையைத் திறந்து அந்த 49 நாடுகளைப் படியுங்கள். ஆரோரா லெமூரியாவில் கண்விழித்த 1895க்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1892இல், உ.வே. சாமிநாதையர் அதை அச்சில் கொண்டுவந்துவிட்டார். அதை எடுத்தாள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.